சீட்டில் இல்லாத செபாஸ்டின்

செபாஸ்டின் தன் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவர் நாற்காலியில் இல்லை என்று அவருக்கு மெமோ வந்தது. அதை அவர் கையில் கொடுக்க முடியாது என்று அலுவலக உதவியாளர் கறாராகச் சொல்லிவிட்டார். இல்லாத ஆளின் கையில் எதையாவது கொடுக்க முடியுமா? ஆள் அகப்படாவிட்டால், கடைசியாக இருந்த இடத்தில் ஒட்டிவிட வேண்டும் என்பதுதான் விதி. ஆகவே பசை டப்பாவோடு வந்து, "அண்ணே, கொஞ்சம் முன்னால சாஞ்சிக்கிங்க" என்று சொல்லி, அவர் முதுகுக்குப் பின்னால் நாற்காலியிலேயே ஒட்டிவிட்டுப் போனார். பசை சட்டையிலும் பட்டது.

அவர் வேலை பார்த்தது கடலூர் சாய்மரக் கணக்கெடுப்புச் சிறப்பு அலுவலகத்தில். முன்னொரு பெரும்புயலில் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தபோது, எத்தனை மரம் சாய்ந்தது என்று எண்ணுவதற்காகத் திறந்த ஆபீஸ் அது. சாய்ந்த மரத்தை வெட்டி விறகாக்கி எரித்தாயிற்று. அந்தக் குழியில் நட்ட கன்று மரமாகி, காய்த்து, காயை லாரி ஏற்றியும் அனுப்பியாயிற்று. கணக்கு மட்டும் முடியவில்லை. எப்படி முடியும்? எல்லோருடைய நியமன உத்தரவிலும் 'கணக்கு முடியும் நாள்வரை' என்று அல்லவா போட்டிருக்கிறது! முடிந்த மறுநாள் யாருக்கும் சீட்டு கிடையாது. இதை அங்கே யாரும் வாய்விட்டுப் பேசமாட்டார்கள். கூட்டல் கடைசித் தாலுகாவை நெருங்கும்போது, யாராவது ஒரு புண்ணியவான் 'மறு சரிபார்ப்பு' என்று எழுதி, கோப்பை முதல் தாலுகாவுக்குத் திருப்பி விட்டுவிடுவார். அது அந்த ஆபீசின் பழக்கம்.

இணை இயக்குநர் ராமாமிர்தத்துக்கு இருந்தது ஒரே கவலைதான். ஊழியர்கள் சீட்டில் இருக்கிறார்களா? வேலை நடக்கிறதா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தக் கேள்வியில் இருக்கிற ஆபத்து அவருக்குத் தெரியும்.

இந்தக் கவலையைத் தீர்க்கத்தான் சிதம்பரத்திலிருந்து டாக்டர் செந்தமிழ்செல்வன் வந்தார். அங்கே உணரி, அதாவது சென்சார், செய்கிற ஒரு தனியார் ஆராய்ச்சி மையத்துக்குத் தலைவர். அவர் கொண்டுவந்த மெல்லிய தாள்களை ஒவ்வொரு நாற்காலியின் மெத்தைக்கு அடியிலும் வைத்துத் தைத்தார்கள். நாற்காலிக்குப் பின்னால் ஒரு கம்பி, கம்பியின் உச்சியில் ஒரு சின்ன விளக்கு. ஆள் இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. உட்கார்ந்திருப்பவருக்குத் தன் விளக்கு தெரியாது. மற்ற எல்லோருக்கும் தெரியும்.

திறப்பு விழாவில் சூடம் கொளுத்தி, எலுமிச்சம்பழம் நசுக்கிய பிறகு டாக்டர் பேசினார்.

"இது வெறும் பிளாஸ்டிக் தாள் இல்லீங்க. வளையற பாலிமர். உள்ள பீங்கான் தூள் கலந்திருக்கோம். பீசோ கலவைன்னு பேரு. அழுத்தினா மின்சாரம் குடுக்கும். ஆனா சும்மா குடுத்துடாது. மொதல்ல உள்ள இருக்கற துகள் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் பாத்துக்கிட்டு நிக்கும். சூடான எண்ணெயில போட்டு, ஆயிரக்கணக்குல வோல்ட் குடுத்து, அந்த வோல்ட்டை எடுக்காமலே ஆற விடணும். அதுக்கப்புறம் எல்லாம் ஒரே பக்கம் பாக்கும். தட்டினா பதில் சொல்லும்."

ராமாமிர்தத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மைக்கை வாங்கிக்கொண்டார். "சர்வீஸ்ல சேந்ததுலேருந்து இதைத்தான் நான் நிர்வாகம்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். இதுக்கு விஞ்ஞானத்துலயும் எடம் இருக்குதுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சிது. எண்ணெய் ஒண்ணுதான் நம்ம ஆபீஸ்ல இல்ல" என்றார். எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துக் கைதட்டினார்கள்.

பிறகு அவர் தம் நாற்காலியில் கம்பீரமாக அமர்ந்தார். தலைக்குப் பின்னால் பச்சை எரிந்தது. கைதட்டல் ஓயுமுன்பே அது சிவப்பாக மாறிவிட்டது. எல்லோரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டினார்கள். உங்களுக்குப் பின்னால் சிவப்பு எரிகிறது என்று அவரிடம் சொல்ல யாருக்குத் தைரியம் வரும்?

இப்போது செபாஸ்டின் கதைக்கு வருவோம். அவர் வேலையில் தலையைக் கொடுத்தாரானால் கண்ணிமையும் பேனா முனையும் தவிர வேறெதுவும் அசையாது. அப்படி ஒரு பிறவி. முதல் நாள் முற்பகலிலேயே அவர் விளக்கு சிவப்பாயிற்று. மறுநாளும் சிவப்பு. அந்த வாரம் முழுக்கச் சிவப்பு. தொடர்ந்து வராதவரைத் 'தானாகப் பணியை விட்டு நீங்கியவர்' என்று எழுதிச் சீட்டைக் கிழித்துவிடலாம். சீட்டு போனால் மஞ்சக்குப்பத்தில் குடியிருக்கிற குவார்ட்டர்சும் போகும். மகள் இளமதிக்குத் தை மாதம் கல்யாணம் பேசி முடித்திருந்தது. பெண்ணின் அப்பா கவர்மெண்ட் உத்தியோகம் என்றுதான் மாப்பிள்ளை வீட்டார் உறவுக்காரர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்கள். செபாஸ்டினுக்குப் பயத்தில் சோறு இறங்கவில்லை.

இயக்குநர் அறைக்கு ஓடினார்.

"சார், நான் இங்கதான் இருக்கேன்."

"எங்க?"

"இங்க சார். உங்க எதுர்லயே."

"அது நிக்கிறது. நான் கேக்கறது உக்காந்திருக்கறது. நின்னுக்கிட்டு வந்து, நான் உக்காந்திருந்தேன்னு சொன்னா எப்டிய்யா நம்புறது?"

"காலையிலேருந்து நாலு ஃபைல் முடிச்சிருக்கேன் சார்."

ராமாமிர்தத்தின் முகம் கறுத்தது. "ஆளே இல்லாத சீட்ல ஃபைல் முடிஞ்சிருக்குதா? யாரு வந்து முடிச்சாங்க? அது தனிக் குத்தம். அதுக்கும் ஒரு மெமோ போடணும்."

இரண்டாவது மெமோவையும் நாற்காலியில் ஒட்டினார்கள்.

பக்கத்துச் சீட்டு ராஜ்கமலுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. இளவட்டம். வந்த நேரத்திலிருந்து ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும், கையில் போன். அவன் விளக்கு பச்சையைத் தவிர வேறு நிறம் கண்டதில்லை. "அண்ணே, காலை ஆட்டுங்கண்ணே. என்னப் பாருங்க, ஒரு வேலையும் பாக்கல, லைட்டு ஜம்முனு எரியுது" என்றான்.

செபாஸ்டின் ஆட்டிப் பார்த்தார். ஆட்டும்வரை பச்சை. ஆனால் ஒரு கிராமத்துக் கணக்கை எடுத்துக் கூட்ட ஆரம்பித்ததும் கால் தானாக நின்றுவிட்டது. வேலை வந்தால் கால் நிற்கிறது. கால் ஆடினால் வேலை நிற்கிறது. மற்றவர்கள் காலை ஆட்டுவதே போதும் என்று முடிவுக்கு வந்து வேலையை நிறுத்திவிட்டார்கள். ஜெராக்ஸ் மெஷினை ஒட்டி ஒரு காலிப் பணியிடத்து நாற்காலி கிடந்தது. மெஷின் அதிர அதிர அதிலும் பச்சை எரிந்தது. "காலிப் போஸ்ட்டே இவ்ளோ ஒழுங்கா வருது. உங்களுக்கு வெக்கமா இல்ல?" என்று ராமாமிர்தம் செபாஸ்டினைப் பார்த்துக் கேட்டார். அவரைப் பார்த்து என்றால், அவர் நாற்காலிக்கு மேலே இருந்த வெற்றிடத்தைப் பார்த்து.

அடுத்து ஓர் உத்தரவு. இருக்கையையும், இருக்கையில் இல்லாதவரையும் சிதம்பரத்துக்கு அனுப்பிப் பரிசோதிக்க வேண்டும். ஒரு குட்டியானை வண்டி பிடித்து, நாற்காலியைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். அதில் செபாஸ்டினை உட்கார வைத்தார்கள். விளக்குக்கு ஒரு பேட்டரி. சாலையை அகலப்படுத்துகிறோம் என்று தோண்டிப் போட்டிருந்த வழியெல்லாம் வண்டி குதித்துக் குதித்துப் போயிற்று. விளக்கு பச்சை மாறவே இல்லை. பு.முட்லூர் கூட்டுரோட்டில், நாற்காலியில் உட்கார்ந்து பச்சை விளக்கோடு வருகிறவர் ஏதோ கட்சி வேட்பாளர் என்று நினைத்துச் சிலர் கையசைத்தார்கள். பயத்தில் அவரும் கும்பிட்டுவிட்டார். அந்த ஒரு நாள்தான் அவருக்கு முழு வருகை பதிவாயிற்று.

சிதம்பரம் ஆய்வுக்கூடத்தில் டாக்டர் அந்த நாற்காலிமேல் ஒரு மணல் மூட்டையைத் தூக்கி வைக்கச் சொன்னார். வைத்தவுடன் பச்சை. கொஞ்ச நேரத்தில் சிவப்பு. செபாஸ்டினுக்கு உயிர் வந்தது. "சார், பாருங்க சார், மூட்டை அங்கயேதான் இருக்குது" என்று கத்திவிட்டார்.

டாக்டர் அசரவில்லை. "மணல் மூட்டையும் சீட்ல இல்ல. கருவி ஆள் பாத்துப் பேசாதுங்கறதுக்கு இதைவிட என்ன நிரூபணம் வேணும்?" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

கூடத்தில் காயத்ரி என்ற ஆராய்ச்சி மாணவி இருந்தாள். அந்தத் தாள்களை எண்ணெயில் போட்டு எடுக்கிறவள் அவள்தான். வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, டீ போடுகிற மேசையிலிருந்து கேஸ் லைட்டரை எடுத்து வந்தாள்.

"இது உள்ளயும் அதே மாதிரி பீங்கான்தான் சார். டக்குனு அழுத்தினா பொறி வருது. அழுத்திப் புடிச்சிக்கிட்டே இருந்தா அடுத்த பொறி வருமா? வராது. உங்க சீட்டும் அப்டித்தான். ஏதாவது மாறினாத்தான் அதுக்குத் தெரியும். அசையாம இருந்தீங்கன்னா உங்கள மறந்துடும்."

"இத உங்க சார்கிட்ட சொல்லக்கூடாதாம்மா? என் பொழப்பே போவுது."

"அவரு கையெழுத்துப் போட்டாத்தான் சார் எனக்குப் பட்டம்." அவள் லைட்டரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "நான் சொன்னேன்னு மட்டும் எங்கயும் சொல்லிடாதீங்க சார். உங்களக் கையெடுத்துக் கும்புடறேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பயந்துகொண்டு நின்றார்கள். சாப்பிட்டுவிட்டு வந்த டாக்டர், கருவியில் குறையில்லை, பணியாளரின் உடலில் பணியுணர்வு போதவில்லை என்று அறிக்கை எழுதி உறையில் போட்டுக் கொடுத்தார்.

விசாரணை வைத்தார்கள். விசாரணை அதிகாரி ராமாமிர்தமேதான். செபாஸ்டினை அந்த நாற்காலியிலேயே உட்கார வைத்தார்கள். பயத்தில் அவர் விறைத்துப் போய்விட்டார். விளக்கு சிவப்பாயிற்று.

"குற்றம் சாட்டப்பட்டவர் அழைத்தும் ஆஜராகவில்லை" என்று ராமாமிர்தம் சொல்லச் சொல்ல, எழுதுகிறவர் எழுதினார்.

"சார், நான் பேசறது உங்களுக்குக் கேக்குதுல்ல?" என்றார் செபாஸ்டின்.

"கேக்குது. கேக்கறத வச்சி உத்தரவு போட முடியாது. திங்கக்கெழம நீக்க ஆர்டர் ரெடியாயிடும். குவார்ட்டர்ஸ் சாவிய ஒப்படைச்சிடணும். அங்க குடியிருக்கறவங்க யாரா இருந்தாலும் சரி."

இளமதியின் முகம் செபாஸ்டினுக்கு முன்னால் வந்து நின்றது. முழங்காலில் ஆரம்பித்தது நடுக்கம். தொடைக்கு ஏறி, இடுப்புக்கு ஏறி, பல் கிட்டியது. நாற்காலி கிடுகிடுத்தது. அவர் தலைக்குப் பின்னால் விளக்கு பளிச்சென்று பச்சையாயிற்று.

ராமாமிர்தம் எழுந்தே நின்றுவிட்டார். "வந்துட்டாருய்யா!" என்று கூவினார். "பாத்தீங்களா? இவ்ளோ நாளா இவர் எங்க இருந்தாரு? பயம் இல்லாத எடத்துல இருந்தாரு. பயம் வந்திச்சி, ஆளும் வந்துட்டாரு. பயப்படற ஊழியர்தான்யா பணியில இருக்கற ஊழியர். இத நான் எப்பவோ சொன்னேன். இப்ப மெஷினே சொல்லுது."

நீக்க உத்தரவு நின்றது. வேறொரு உத்தரவு வந்தது. தினமும் காலையில் பணி தொடங்குமுன் அனைவரும் அச்சமூட்டப்படுவார்கள். இதில் விடுப்பு, சலுகை எதுவும் கிடையாது. ராமாமிர்தம் வரிசையாக ஒவ்வொரு சீட்டின் முன்னும் நின்று ஒரு வார்த்தை சொல்வார். ஒருவரிடம் 'டிரான்ஸ்பர்' என்பார். இன்னொருவரிடம் 'பழைய ஆடிட்' என்பார். செபாஸ்டினிடம் 'குவார்ட்டர்ஸ்' என்றால் போதும். உச்சிவேளைக்குள் பயம் தெளிந்துவிடுவதால், டீக்குப் பிறகு இன்னொரு தடவையும் சொல்ல வேண்டியிருந்தது.

நடுக்கம் ஆபீசோடு நிற்கவில்லை. வீட்டில் சாப்பிடும்போது செபாஸ்டின் கையிலிருந்த டம்ளர் தட்டில் மோதிச் சத்தம் போட்டது. மனைவி பெலிசியா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னாங்க, ஜொரமா?"

"இல்ல. டூட்டி."

"வீட்டுக்கு வந்தும் என்னா டூட்டி?"

"பழகிக்கணும் பெலிசியா. நடுவுல நின்னுட்டா அப்புறம் வராது. பொண்ணு கல்யாணம் முடியற வரைக்கும் நடுங்கிடறேன்."

அவள் டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சற்று நேரத்தில் அவள் கையும் நடுங்கியது.

தினம் இரண்டு வேளை பயமுறுத்தி ராமாமிர்தத்துக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மறுபடி சிதம்பரத்துக்கு ஆள் போயிற்று. டாக்டர் உற்சாகமாக வந்தார். "அழுத்தினா மின்சாரம் வருதுல்ல, அதையே திருப்பிப் போட்டா மின்சாரம் குடுத்ததும் பொருள் அசையும். ஆக்சுவேட்டர்னு சொல்லுவோம். உணர்றதுக்கு ஒரு தாள், உலுக்கறதுக்குப் பீங்கான் தகடு. இனிமே நீங்க பயமுறுத்த வேணாம். சீட்டே நடுங்க வச்சிடும்" என்றார். ராமாமிர்தம் கட்டிய தொண்டையோடு அவரைக் கட்டிக்கொண்டார்.

அன்றிலிருந்து நாற்காலிகள் தாமாகவே நடுங்கின. நடுங்குவதை அடியில் இருந்த தாள் உணர்ந்தது. விளக்குகள் பச்சையாக எரிந்தன. ஞாயிற்றுக்கிழமையும் எரிந்தன. தீபாவளியன்றும் எரிந்தன. இயக்குநர் அறைக் கணினியில் வருகை நூறு சதவீதம் என்று வந்தது. சென்னையிலிருந்து பாராட்டு வந்தது. ராமாமிர்தத்தின் சொந்த நாற்காலிக்கு மட்டும் தகடு வைக்கவில்லை. இணை இயக்குநரை உலுக்குவது மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டார்கள்.

ராஜ்கமல்தான் முதலில் கண்டுபிடித்தான். "அண்ணே, சீட்ட சீட்டே பாத்துக்குது. நாம எதுக்கு?" என்று சொல்லிவிட்டுப் போனவன் மறுநாள் வரவில்லை. அவன் விளக்கு எரிந்தது. அடுத்த வாரம் இன்னும் சிலர் வரவில்லை. பிறகு யாருமே வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கணினியைப் பார்த்துக்கொண்டிருந்த ராமாமிர்தத்துக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ளும் அவசியமும் அவருக்கு வரவில்லை.

செபாஸ்டின் மட்டும் வந்தார். வராமல் இருக்கப் பயம். ஆனால் உலுக்குகிற நாற்காலியில் உட்கார்ந்து எழுத முடியவில்லை. ஒன்று என்று எழுதினால் ஏழாகிவிடுகிறது. பதிவறையிலிருந்து ஒரு பழைய மர ஸ்டூலை எடுத்து வந்து போட்டுக்கொண்டார். ஸ்டூலுக்கு விளக்கு கிடையாது. சுற்றிலும் ஆளில்லாத நாற்காலிகள் நடுங்கிக்கொண்டிருக்க, நடுவில் அவர் அசையாமல் உட்கார்ந்து கூட்டினார். அப்பாடா! எத்தனை மாதமாயிற்று இப்படி உட்கார்ந்து! பயம் எப்போது போனது என்றே அவருக்குத் தெரியவில்லை. ஸ்ரீமுஷ்ணம் பக்கத்து ஊர்கள் முடிந்தன. சிதம்பரம் பக்கம் முடிந்தது. மறு சரிபார்ப்பு என்று எழுதி நிறுத்த ஆளில்லாததால் கை போய்க்கொண்டே இருந்தது. ஒரு மத்தியானம் பண்ருட்டிப் பக்கம் கடைசி ஊரின் கடைசி மரமும் கூட்டலில் சேர்ந்தது. செபாஸ்டின் அடியில் இரட்டைக் கோடு போட்டார். சந்தோஷம் தாங்கவில்லை மனுஷனுக்கு. யோசிக்காமல் எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குள் போய்விட்டார்.

ராமாமிர்தம் சிலைபோல் சாய்ந்திருந்தார். பின்னால் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது.

"என்னா?"

"கணக்கு முடிஞ்சிது சார்."

"எந்தக் கணக்கு?"

"மரக்கணக்குதான் சார். கடைசி ஊரு வரைக்கும் கூட்டிட்டேன்."

ராமாமிர்தம் வாசல் பக்கம் பார்த்தார். தண்ணீர் டம்ளரை எடுக்கக் கையை நீட்டினார். டம்ளர் சாய்ந்து மேசையெல்லாம் தண்ணீரானது. அவருடைய தாடை நடுங்கியது, தோள் நடுங்கியது. தலைக்குப் பின்னால் விளக்கு பச்சையாக மாறியது. இத்தனை நாளில் இயக்குநர் இன்றைக்குத்தான் ஆபீசுக்கு வந்திருக்கிறார் என்று செபாஸ்டினுக்குத் தோன்றியது. சிரிப்புகூட வந்துவிட்டது.

"செபாஸ்டின்," என்றார் ராமாமிர்தம். அப்படி ஒரு குரலில் அவர் பேசிச் செபாஸ்டின் முன்பு கேட்டதில்லை. "யாருக்காவது தெரியுமா இது?"

"தெரியாது சார்."

"உங்க பொண்ணு கல்யாணம் எந்த மட்டுக்கு இருக்குது?"

"கோயில்ல ஞாயித்துக்கெழம பூசையில கல்யாண அறிவிப்பு ரெண்டு ஓலை வாசிச்சாச்சி சார். வர்ற ஞாயித்துக்கெழம மூணாவது."

"கணக்கு முடிஞ்சிட்டா நாளைக்கு எனக்கும் சீட்டு இல்ல, உங்களுக்கும் இல்ல. மூணாவது ஓலை வாசிக்கும்போது நீங்க யாரு?" ராமாமிர்தம் மேசைமேல் குனிந்தார். கெஞ்சினார் என்றே சொல்ல வேண்டும். "ஒரு மரமாவது வுட்டுப்போயிருக்கும்ல? யோசிச்சிப் பாருங்க. எங்கயாவது வேலியோரமா. ஒரே ஒரு பலா மரம்."

ஒரு மரமும் விட்டுப்போகவில்லை. செபாஸ்டினுக்கு அது தெரியும். இரட்டைக் கோட்டைப் பார்த்தார். குவார்ட்டர்ஸ் வாசலில் பந்தக்கால் நடக் குறித்து வைத்திருந்த இடம் நினைவுக்கு வந்தது. பெலிசியாவின் கை நினைவுக்கு வந்தது. முழங்காலில் அது மறுபடியும் ஆரம்பித்தது.

"இருக்கும் சார்," என்றார். "மறு சரிபார்ப்புப் போட்டுடலாம்."

வெளியே வந்து ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிவறையில் போட்டார். தன் நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். அது நடுங்கியது. அவரும் நடுங்கினார். முதல் தாலுகா, முதல் ஊர், மரம் ஒன்று என்று எழுதினார். ஒன்று ஏழு மாதிரி விழுந்தது. அவர் அதைத் திருத்தவில்லை. தலைக்குப் பின்னால் விளக்கு பச்சையாகத்தான் எரிந்திருக்கும். பார்த்துச் சொல்வதற்கு அங்கே யாரும் இல்லை.